கடை இணையத்தில், சாவி இடுப்பில்

இணையத்தில் கடை போடுவது பற்றியும், போட்ட கடையைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது பற்றியும் கொங்கு வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

*

எங்க தறியில ஓட்டற பெட்ஷீட்டை இதுவரைக்கும் கடைக்காரங்களுக்குத்தான் போட்டுட்டு இருந்தோமுங்க. இப்ப நேரா ஆன்லைன்ல விக்கலாம்னு இருக்குது. வெப்சைட் பண்ண ஒருத்தர் 45,000 ரூபாய் கேக்கறாரு. அதுலயே ஆரம்பிக்கலாமுங்களா? ஜிஎஸ்டி வேணுமா?
— வாசகி, சென்னிமலை

வெப்சைட் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தைச் சரக்கில் போடுங்கள். வெப்சைட் என்பது ஆளில்லாத சந்தில் கட்டிய கடை மாதிரி. ஆளை வரவழைக்க விளம்பரத்துக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும். காசு கிடையாது, கேட்டலாக்கில் 500 பொருள் வரை படத்தோடும் விலையோடும் ஏற்றலாம். வீட்டு நம்பரில் வைக்காமல் புது சிம் ஒன்று உங்கள் பெயரிலேயே வாங்கி அதில் வையுங்கள்.

படம் எடுக்கும்போது டியூப்லைட் வேண்டாம். காலை வெயில் நேரே விழாத திண்ணையில் விரித்து எடுங்கள். பெட்ஷீட் திரும்பி வருவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: நிறம், அளவு. 'டபுள்' என்று மட்டும் எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்வார்கள். 90க்கு 100 அங்குலம் என்று எழுதுங்கள். அதையும் ஒரு சலவை போட்டுக் காயவைத்த பிறகு அளந்து எழுதுங்கள், பருத்தி முதல் தண்ணியில் சுருங்கும். விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் வாங்குபவர்களிலும் உண்டு.

ஜிஎஸ்டி விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பெங்களூருக்கு ஒரு பார்சல் போனாலும் அது வெளிமாநில விற்பனை. அதற்கு 40 லட்சக் கணக்கு செல்லாது, பதிவு வேண்டும். அரசு பட்டியல் போட்டிருக்கும் சில கைவினைப் பொருள்களுக்கு இதில் விலக்கு இருக்கிறது, உங்கள் சரக்கு அதில் வருமா என்று ஆடிட்டரிடம் பட்டியலைக் காட்டியே கேளுங்கள். பெரிய விற்பனைத் தளங்களில் சேர முன்பெல்லாம் ஜிஎஸ்டி எண் இருந்தே ஆக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு அங்கேயும் விற்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, தொழிலைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதுதான். கேஷ் ஆன் டெலிவரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்ஷீட் 650க்கு விற்கிறீர்கள். அடக்கம் 430, கவர் பெட்டி 20, கூரியர் 90 என்று வையுங்கள். மிச்சம் 110. வாங்குபவர் கதவைத் திறக்காமல் பார்சல் திரும்பினால் போக 90, வர 90, பெட்டி 20, ஆக 200 நட்டம். பத்து ஆர்டரில் மூன்று திரும்பினால் ஏழில் கிடைத்த 770இல் 600 போய் 170 தான் கையில் நிற்கும். நான்கு திரும்பினால் ஆறில் வந்த 660 போய், மேலே 140 கைக்காசும் போகும். அதனால் கேஷ் ஆன் டெலிவரி கேட்பவரிடம் 100 ரூபாயாவது முன்பணம் வாங்குங்கள். தராதவர் பார்சலையும் வாங்கமாட்டார். அனுப்பும் முன் ஒரு போன் போட்டு முகவரியைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். பின்கோடு தப்பினால் பார்சல் ஊர் ஊராகச் சுற்றும்.

*

கரூர்ல இருந்து தலையணை, குஷன் அனுப்பறோம். ஒரு தலையணை ஒரு கிலோகூட இல்லை. கூரியர்காரர் பத்து கிலோவுக்குப் பில் போடறார். ஏமாத்தறாருங்களா?
— வாசகர், கரூர்

இல்லை. கூரியரில் எடையோடு இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். வரும் கிலோவையும் தராசு எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்கு பில். 60, 40, 20 பெட்டி என்றால் 48,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 9.6 கிலோ. காற்றை உறிஞ்சிச் சுருக்கும் கவரில் போட்டு உயரத்தை 8 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அதே தலையணை 3.84 கிலோ ஆகிவிடும். பஞ்சு ரகத்தைப் பொறுத்து மீண்டும் உப்ப நேரமாகும், 'வெயிலில் வைத்துத் தட்டவும்' என்று ஒரு சீட்டை உள்ளே வையுங்கள். வகுக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், ஒப்பந்தம் போடும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். பெட்டிமேல் அளவு டேப் வைத்துப் படம் எடுத்து வைப்பது பில் தகராறுக்கு உதவும்.

*

ஊத்துக்குளி நெய் 25 கிலோ வேணும்னு மிலிட்டரி கேன்டீன்ல இருந்து பேசறதா ஒருத்தர் போன் பண்ணினாருங்க. விலையே பேசலை. அடையாள அட்டை எல்லாம் அனுப்பினாரு. பணம் போடறதுக்கு ஒரு க்யூஆர் அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்றாரு. செய்யலாமுங்களா?
— வாசகர், ஊத்துக்குளி

செய்யாதீர்கள். பணம் வாங்க ஸ்கேன் செய்ய வேண்டியதே இல்லை, பின் நம்பர் போட வேண்டியதும் இல்லை. யுபிஐயில் பின் கேட்பது மீதியைப் பார்ப்பது போன்றவற்றுக்கும் பணத்தை வெளியே அனுப்புவதற்கும்தான், பணம் வாங்குவதற்கு இல்லை. அவர் அனுப்பியது பணம் கேட்கும் க்யூஆர்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் 'ஐந்து ரூபாய் போட்டுப் பார்க்கலாம்' என்பார்கள். நீங்கள் ஐந்து அனுப்பியதும் உண்மையாகவே பத்தைத் திருப்பிப் போடுவார்கள். நம்பிக்கை வந்ததும் 12,500க்கு க்யூஆர் வரும். தனிநபரிடமிருந்து தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கை 2025 அக்டோபரோடு யுபிஐயில் நிறுத்தப்பட்டுவிட்டது. க்யூஆர் அப்படியே இருக்கிறது, போன் திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொல்லும் வழியும் இருக்கிறது.

இன்னொரு ரகம், பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது. அதைச் செய்து தரவே போலிச் செயலிகள் இருக்கின்றன. 'கை தவறி 2,000க்குப் பதில் 20,000 போட்டுவிட்டேன், 18,000 திருப்பிப் போடுங்க' என்று அழுவார்கள். கூடவே வரும் எஸ்எம்எஸ் பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து வந்திருக்கும். வங்கிச் செய்தி வங்கியின் சுருக்கப் பெயரில் வரும், சாதாரண செல் எண்ணில் வராது. எதுவானாலும் உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து மீதியைப் பார்த்த பிறகுதான் டின்னைக் கட்ட வேண்டும். நெய்க்கு 25 கிலோ கேட்டு விலை பேசாத ஆள் கொங்கு நாட்டில் ஏது?

*

திருப்பூர்ல பனியன் மொத்த வியாபாரம். புதுசா ஒரு பார்ட்டி ஆன்லைன்ல 68,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தாரு. பணம் சரியா வந்துருச்சு, சரக்கும் போயிருச்சு. மூணு வாரம் கழிச்சு என் அக்கவுண்ட்டையே ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க. வேற மாநில போலீஸ்னு பேங்க்ல சொல்றாங்க. நான் என்ன தப்புங்க பண்ணினேன்?
— வாசகர், திருப்பூர்

நீங்கள் தப்புச் செய்யவில்லை. உங்களுக்கு வந்த பணம் திருட்டுப் பணமாக இருந்திருக்கும். எங்கேயோ ஒருவரை ஏமாற்றிய கும்பல், அந்தப் பணத்தைச் சரக்காக மாற்ற உங்களிடம் பனியன் வாங்கியிருக்கிறது. ஏமாந்தவர் சைபர் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அத்தனைக்கும் வங்கிகள் வரிசையாகப் பூட்டுப் போடும். உங்கள் கணக்கு மூன்றாவது, நான்காவது கட்டத்தில் மாட்டியிருக்கலாம்.

முதலில் வங்கிக் கிளைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்த காவல் நிலையம், சந்தேகத் தொகை எவ்வளவு, எந்தத் தேதி வரவு என்ற ஐந்தையும் அதில் கேளுங்கள். முழுக் கணக்கையும் பூட்டாமல் அந்த 68,000ஐ மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடும்படி அதே கடிதத்தில் கோருங்கள். கூலி போட வேண்டிய சனிக்கிழமைக்கு இதுதான் முதலில் உதவும்.

அடுத்து விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல். ஜிஎஸ்டி பில், லாரி ரசீது அல்லது கூரியர் டாக்கெட், இ-வே பில் (சரக்கு வண்டியோடு போகும் ஜிஎஸ்டி சீட்டு), ஆர்டர் பேசிய வாட்ஸ்அப் உரையாடல், வாங்கியவர் எண், இறக்கிய முகவரி எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். இ-வே பில் வெளிமாநிலத்துக்கு 50,000க்கு மேல் கட்டாயம், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல். உங்கள் சரக்கு வெளிமாநிலம் போயிருந்தால் அந்த ஒரு காகிதமே சரக்கு உண்மையாக நகர்ந்ததற்கு நல்ல சாட்சி. பில்லே போடாமல் அனுப்பியிருந்தால் நிரூபிப்பது சிரமம்தான், மழுப்பிச் சொல்வதில் பயனில்லை. 'இத்தனை கொடுத்தால் பூட்டை எடுத்துத் தருகிறேன்' என்று வரும் இடைத்தரகரிடம் மட்டும் போகாதீர்கள். அது இரண்டாவது ஏமாற்று.

இனிமேலுக்கு: தொழிலுக்குத் தனி கரண்ட் அக்கவுண்ட், வீட்டுச் சேமிப்பு அதில் இருக்கக் கூடாது. புது பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். 15 இடம் கொண்ட எண், முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அதில் வரும் பெயரும் பணம் வரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 'மச்சான் கணக்கிலிருந்து போடறேன்', 'மூணு பேர் போடுவாங்க' என்றால் பணத்தை வாங்காதீர்கள். பணம் வருவதற்கு முன் தடுக்கிற வேலை இது, வந்த பிறகு உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

கரண்ட் அக்கவுண்ட்டை மாதம் இத்தனை என்று வாடகைக்குக் கேட்டு பனியன் கம்பெனிப் பையன்களைச் சுற்றுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுத்தால் வழக்கில் குற்றவாளிப் பட்டியலில் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான்.

*

வெளிநாட்டு பையருக்கு ஷிப்மென்ட் போயாச்சு. பணம் கேட்டா, 'நீங்க மெயில்ல அனுப்பின புது அக்கவுண்ட்டுக்கு அன்னைக்கே போட்டுட்டோம்'ங்கறாங்க. நாங்க அப்படி மெயிலே அனுப்பலை.
— ஏற்றுமதியாளர், அவிநாசி

இதற்கு நேரம்தான் மருந்து. பையர் அவருடைய வங்கியில் இந்த நிமிடமே பணத்தைத் திரும்பக் கோரும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அவருடைய ஊர் போலீசிலும் புகார் வேண்டும். அனுப்பியது அவர், அதனால் அவர்தான் கேட்க முடியும். நீங்கள் இங்கே 1930க்கு அழைத்துவிட்டு சைபர்கிரைம் தளத்தில் பதிவு செய்து, ஒப்புகை எண்ணைப் பையருக்கு அனுப்புங்கள்.

பிறகு, யார் மெயில் உடைந்தது என்று பார்க்க வேண்டும். பையருக்கு வந்த மெயிலின் முழு முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எம் என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் கண்ணுக்கு எம் மாதிரியே தெரியும். அப்படி என்றால் போலி முகவரி. எழுத்து மாறாமல் உங்கள் முகவரியிலிருந்தே போயிருந்தால் உங்கள் பெட்டிக்குள் ஆள் இருக்கிறான். மெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். 'பேமென்ட்', 'இன்வாய்ஸ்' என்று வரும் மெயிலை எல்லாம் வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு உங்கள் கண்ணில் படாமல் ஒதுக்கும் விதி ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டால் மெயில் தொடர்ந்து போய்க்கொண்டேதான் இருக்கும். விதியை அழித்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நான்கு பேரும் ஒரே பாஸ்வேர்டில் திறக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் இன்றோடு போக வேண்டும்.

சரக்கு அனுப்பும் முன் தரும் ப்ரோஃபார்மா இன்வாய்ஸிலேயே ஒரு வரி அச்சிடுங்கள்: 'எங்கள் வங்கி விவரம் மாறினால் மெயிலில் சொல்ல மாட்டோம், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் பேசிச் சொல்வோம்.' நூல் மில்லுக்கும் டையிங்குக்கும் நீங்கள் பணம் போடும்போதும் இதே சட்டம்தான். 2025 ஏப்ரல் முதல் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும் முன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதி வங்கிகளில் வந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் கணக்காளர் பொத்தானை அமுக்கக் கூடாது.

*

'உத்யம் பதிவு காலாவதி, 2,999 கட்டவும்' என்று மெசேஜ் வருகிறது.
— வாசகி, பல்லடம்

உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, அது இலவசம். புதுப்பிக்கிற வேலையும் கிடையாது. அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும். காசு கேட்பது எதுவும் அது இல்லை.

*

கோபியில என் அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகை ஒன்னு வந்துச்சு. சொந்தக்காரர் நம்பர்தான். திறந்தாரு, ஒன்னும் தெரியலை. அடுத்த நாள் அவர் நம்பர்ல இருந்து அதே பத்திரிகை ஊருக்கெல்லாம் போயிருக்குது.
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். அவருக்கு வந்தது ஏபிகே, அதாவது செயலி. உள்ளே போனதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொள்ளும். பிறகு வங்கி ஓடிபி வந்தால் அவருக்கு முன்னால் அதை ஏவிவிட்ட திருடனுக்குப் போகும். போக்குவரத்து அபராதம், மின் கட்டணம், விவசாயி உதவித்தொகை என்ற பெயர்களிலும் இதே சரக்கு வருகிறது.

உடனே போனை ஏர்பிளேன் மோடில் போட்டு வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் கிளையைத் தேடி நடக்கும் முன்பே 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும், முதல் ஒரு மணி நேரத்தில்தான் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் செட்டிங்கில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து புதிதாக வந்ததை நீக்குங்கள். நீக்க விடாவிட்டால் 'டிவைஸ் அட்மின்' பட்டியலில் அதற்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் எங்கள் யோசனை. நீக்கியது முழுதாகப் போனதா என்று வீட்டில் இருந்தபடி உறுதி செய்ய முடியாது. பாஸ்வேர்டுகளை வேறு போனில் மாற்றுங்கள், இதே போனில் மாற்றினால் புதியதும் அவனுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதியில் தெரியாதது இருந்தால் வெளியேற்றி, ஆறு இலக்க இரண்டடுக்குப் பின் வையுங்கள். கால் ஃபார்வர்டிங் ஏதும் போட்டிருந்தால் ##002# அழுத்தி அழைத்தால் எல்லாம் ரத்தாகும். கடைசியாக, பத்திரிகை போன அத்தனை பேருக்கும் அப்பா தன் வாயால் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். மெசேஜ் போட்டால் அதையும் சந்தேகப்படுவார்கள்.

*

எங்க கடை வெப்சைட்டைப் பண்ணித் தந்தவரு இப்ப போனை எடுக்கறதில்லை. டொமைன் அவர் பேர்ல இருக்குதுன்னு இப்பத்தான் தெரியுது. இதுக்கு நடுவுல ஃபேஸ்புக்ல, 'காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் பேஜ் நீக்கப்படும்'னு மெசேஜ் வேற.
— வாசகர், பெருந்துறை

ஃபேஸ்புக் மெசேஜ் பொய். அந்த நிறுவனம் நோட்டீசை மெசஞ்சரில் அனுப்பாது, பேஜின் சப்போர்ட் பகுதியில் காட்டும். அந்த லிங்க்கைத் தொட்டு பாஸ்வேர்டு போட்டால் அன்று ராத்திரியே பேஜ் கை மாறிவிடும். பேஜுக்கு முழு உரிமை உள்ளவர்களாக வீட்டில் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் கணக்கு போனாலும் மற்றவர் மீட்கலாம்.

டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, அந்தக் கதை கொஞ்சம் கஷ்டம். அவர் பெயரில் இருந்தால் பதிவேட்டின்படி அது அவர் சொத்து. காலாவதி தேதியை, டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூஈஸ் தேடலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பணம் கொடுத்த ரசீது, பேசிய உரையாடல், கடைப் பெயர் ஆவணங்களோடு அவருக்கு எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அலட்சியம்தான் காரணமாக இருக்கும், கெட்ட எண்ணம் இருக்காது. நேரில் போய் உட்கார்ந்து அங்கேயே மாற்றி வாங்கி வருவதுதான் வேகமான வழி. புதிதாகத் தொடங்குகிறவர்கள், டொமைனை உங்கள் மெயிலில், உங்கள் கார்டில், நீங்களே வாங்கிவிட்டு வெப்சைட் செய்பவருக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். வீடு கட்டும் மேஸ்திரி பெயரில் யாரும் பத்திரம் போடுவதில்லை.

*

காங்கேயத்தில் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய். டெல்லிக்கு அனுப்பினால் 'கெட்டுப்போச்சு' என்று திரும்புகிறது, சிலது ஒழுகுகிறது.
— வாசகர், காங்கேயம்

கெடவில்லை, உறைந்திருக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகும், டெல்லிக் குளிரில் கல் மாதிரி நிற்கும். மூடியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு ஒட்டு ஒட்டுங்கள்: 'குளிரில் உறைவது இயல்பு, வெந்நீரில் பாட்டிலை வைத்தால் உருகும்.' ஒழுகலுக்கு மூடிக்குள் ஃபாயில் சீல் வேண்டும். கழுத்துவரை நிரப்பாமல் விரல் அளவு இடம் விடுங்கள், வெயிலில் எண்ணெய் விரிந்து சீலைத் தள்ளும். கட்டும் முன் பாட்டில்களை ராத்திரி முழுக்கச் செய்தித்தாள்மேல் படுக்க வையுங்கள். விடிந்து பார்க்கும்போது தாளில் எண்ணெய்க் கறை இருக்கும் பாட்டிலை அனுப்பாதீர்கள். லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், நிகர அளவு, தயாரித்த தேதி, அதிகபட்ச விலை, முகவரி இருக்க வேண்டும். கேட்டலாக் படத்திலும் அந்தப் பக்கம் தெரியட்டும்.

*

ஈரோட்டுல தறியில ஓட்டினதை 'பவானி ஜமக்காளம்'னு போட்டு வித்தா நல்லாப் போகுதுங்க. போடலாமுங்களா?
— பெயரும் ஊரும் வேண்டாம்

கூடாது. அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதாவது அந்த வட்டாரச் சரக்குக்கு மட்டும் உரிய பெயர் அது. வெறும் 'ஜமக்காளம்' என்று போட்டு, நீளம், அகலம், எடை, நூல் என்ன என்று எழுதி விற்கலாமே.